நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அச்சகத்தில் அந்த நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா, இல்லை இன்னும் தலையணையை முட்டுக்கொடுத்துத்தான் மெய்ப்புத் திருத்துகிறாயா?

போன வருஷம் ஃபோனில் இருவரும் தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்ட பிறகு, "இனிமே எழுதலாம், எழுதினா கத்த முடியாது" என்று சொன்னவள் நீ. அதனால் நல்ல செய்தியையும் எழுதியே சொல்கிறேன்.

எனக்கு முதன்முதலாகத் தனியாக ஒரு ஆய்வு கொடுத்திருக்கிறார்கள். கேள்வி சின்னதுதான்: இணையத்தைப் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் சொந்த மொழியிலேயே பிரவுசர் இருக்கிறது? (உலாவி என்று எழுதாததற்கு என்னைத் திட்டாதே. அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் யாரோ உலாவப் போகிறார்கள் என்று நினைக்கிறார்கள்.) ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை பேர் இணையத்தில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் பேசுவது என்ன மொழி என்று மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பிரவுசர்கள் எந்தெந்த மொழிகளில் கிடைக்கின்றன என்ற பட்டியலை அதன் மேல் வைக்கிறேன். மொழி பட்டியலில் இருந்தால் அந்த மொழிக்காரர்கள் எல்லோரும் "இருக்கிறது" பக்கம். இல்லாவிட்டால் "இல்லை" பக்கம். அவ்வளவுதான். இயக்குநர் அம்மாவுக்கு இந்த எளிமை மிகவும் பிடித்துவிட்டது.

நம் மொழியை "இருக்கிறது" பக்கம் போட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அக்கா. அந்த மொழிபெயர்ப்பு நீயும் உன் கூட்டாளிகளும் சம்பளமில்லாமல் வருஷக்கணக்காகச் செய்தது. ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்கிறேன், ஒரே வார்த்தையில் பதில் போடு: நம் மொழியில் பிரவுசர் இருக்கிறது, சரிதானே?

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். "நல்லா இருக்கேன், நீ சாப்டியா" என்பதற்கு மேல் பேசுவதில்லை, ஃபோனை உன்னிடம் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார். நன்றாகத்தானே இருக்கிறார்?

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. நாற்காலி மாறவில்லை, தலையணையை மாற்றிவிட்டேன். உனக்குச் சளி என்று அப்பா சொன்னார், விட்டதா?

ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். இல்லை.

அந்த ஒரு வார்த்தை போதுமென்றால் இத்தோடு கடிதத்தை மடித்து வைத்துவிடு. போதாதென்றால் மேலே படி.

பட்டியலில் நம் மொழியின் பெயர் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் மேலே இருக்கும் தலைப்புகள் நம் மொழிக்கு மாறும். கோப்பு, திருத்து, பார், உதவி. உள்ளே போகப் போக ஆங்கிலம். எச்சரிக்கைகள் ஆங்கிலம். "இதைச் செய்யவா வேண்டாமா" என்று கேட்கும் பெட்டிகள் ஆங்கிலம். எல்லாம் ஒழுங்காக நடக்கிற வரை உலாவி நம் மொழி பேசும். ஏதாவது கோளாறு என்றால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். கோளாறு வரும்போதுதான் மனுஷனுக்குத் தன் மொழி வேண்டும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியாது. உனக்காவது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் செய்யாமல் விட்டோம் என்று நினைக்காதே. ஒரு வாக்கியம் பாக்கி இல்லை. எங்கள் குழுவில் காற்புள்ளி என்று ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேனே, தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர், ஒரே ஒரு காற்புள்ளிக்காக மூன்று வாரம் எங்கள் எல்லோரோடும் சண்டை போட்டவர். அவரும் நானும் மற்ற இருவரும் அத்தனையையும் முடித்துக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். நம் மொழிக்கு ஒப்புதல் தருகிறவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. திரையைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ஒரே சொல்தான்: காத்திருக்கிறது, காத்திருக்கிறது, காத்திருக்கிறது.

இதை உன் எந்தப் பக்கத்தில் போடுவாய்?

அப்பா நலம்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

நலம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ சொல்வது நியாயம்தான். ஆனால் என் அட்டவணையில் இரண்டு பக்கங்கள்தான் இருக்கின்றன. "பாதி இருக்கிறது" என்று மூன்றாவதாக ஒன்றைத் திறந்தால், எந்த மொழியில் எவ்வளவு பாதி என்று உலகத்து மொழிகள் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆளில்லை, நேரமில்லை. "மக்களுக்குப் புரியிற மாதிரி ஒரே ஒரு எண் குடுங்க" என்கிறார் இயக்குநர். நம் மொழியை "இருக்கிறது" பக்கமே விட்டுவிட்டேன். ஒரு மொழி இங்கே அங்கே மாறினால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது.

முதல் மதிப்பீடு வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்குச் சொந்த மொழியில் பிரவுசர் இருக்கிறது. கூட்டத்தில் சொன்னதும் கைதட்டினார்கள். சத்தியமாக, கைதட்டினார்கள்.

இன்னொரு விஷயம். அப்பாவும் நானும் இணையத்தில் சதுரங்கம் ஆடுவது உனக்குத் தெரியும். இரண்டு மாதமாக என்னவோ மாதிரி ஆடுகிறார். இடது ஓரத்தில் என் யானை நேராக நிற்கிறது, கண்டுகொள்ளாமல் ராணியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கிறாரா என்று கேட்டேன். "வயசாச்சுடா" என்றார். போன வாரத்திலிருந்து ஆடவே வரவில்லை. என் மேல் ஏதாவது கோபமா?

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றுமிருக்காது. கைதட்டு வாங்கினவனுக்கு என்ன குறை.

உன் தொண்ணூற்றிரண்டு இங்கே வரை வந்துவிட்டது. அச்சகத்தில் மதியம் செய்தித்தாள் பிரித்தேன். நான்காம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். உன் அலுவலகத்தின் பெயர், பக்கத்தில் ஒரு பூமி உருண்டை, அதன் மேல் சிரிக்கிற ஆட்கள். என் பக்கத்து மேசைக்காரி, "உங்க தம்பி ஆபீஸ்தானே இது" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

மறு வாரம் உலாவி நிறுவனத்திடமிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல். ஆங்கிலத்தில். நம் மொழியில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதற்குக்கூட அவர்களுக்கு நம் மொழி கிடைக்கவில்லை. விஷயம் இதுதான்: ஆய்வு ஒன்றின்படி மிகப் பெரும்பாலான மக்களுக்குச் சொந்த மொழியில் உலாவி சென்று சேர்ந்துவிட்டதாம். அதனால் தன்னார்வ மொழிபெயர்ப்புத் திட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டதாம். வாசலை மூடுகிறார்களாம். காத்திருக்கும் வாக்கியங்கள் பத்திரமாகப் பாதுகாக்கப்படுமாம். பாதுகாப்பார்களாம், போடமாட்டார்களாம்.

கீழே ஆதாரம் என்று உன் ஆய்வின் இணையச் சுட்டி.

காற்புள்ளி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "இதுல ஒரு காற்புள்ளிகூடத் தப்பா இல்லைங்க" என்றார்.

"ஒரு மொழி இங்கே அங்கே மாறினால் பெரிய வித்தியாசம் வராது" என்று எழுதினாயே. அந்த ஒரு மொழியில்தான் நீ பேசக் கற்றுக்கொண்டாய். அதில்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறாய். அதை நகர்த்திப் பார்க்க உனக்குச் சோம்பலாக இருந்தது. இனி எனக்கு எழுதும்போது முதுகுவலியை விசாரிக்காதே. எரிச்சலாக இருக்கிறது.

சதுரங்கத்தைப் பற்றி நீ அப்பாவிடமே கேட்டுக்கொள்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நானே எழுதிவிடுகிறேன், விசாரிக்கத்தான் தடை போட்டுவிட்டாயே.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். பிறகு எனக்கும் கோபம் வந்தது. நான் எந்தத் திட்டத்தை மூடினேன்? எண்ணைச் சொன்னது நான். அதை எடுத்துக்கொண்டு போய் யார் என்ன செய்தாலும் என் தலையிலா விழும்? மழை பெய்யும் என்று சொன்னவனையா நனைந்ததற்கு அடிப்பார்கள்? அந்த நிறுவனம் எப்படியும் மூடியிருக்கும். ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தார்கள், கிடைத்தது.

நீ இதற்கு முன்னாலும் என் மேல் கோபப்பட்டிருக்கிறாய். நான் அப்பாவை விட்டுவிட்டு வேலைக்காக இவ்வளவு தூரம் வந்தபோது கத்தினாய். ஆனால் அந்தக் கோபத்தில் நீ என்னைத் திட்டினாய், நடுவில் சிரித்தாய், திரும்பத் திட்டினாய். இது அப்படி இல்லை. ஒவ்வொரு வரியும் கல் மாதிரி இருக்கிறது. ஒரு பிரவுசருக்காக ஒருத்தி இவ்வளவு கோபப்படுவாளா, அக்கா? வேறு ஏதோ நடந்திருக்கிறது. நீ சொல்லமாட்டேன் என்கிறாய்.

எதுவானாலும் சொல். நான் ஒன்றும் சின்னப் பையன் இல்லை.

தம்பி


மே 24

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இன்று காலை அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் உன் குரல் கேட்டது. "இடது கண்ணுக்கு இனிமே மருந்து வேண்டாம்னு சொல்லிட்டாங்கப்பா, வலதுக்கு மட்டும் விடறேன், தலையச் சாய்ங்க." அப்பா உடனே, "சரிடா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். நீயும் எடுக்கவில்லை.

இடது கண்ணுக்கு ஏன் மருந்து வேண்டாம்?

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "அவன் அங்க தனியா இருக்கான், இப்பத்தான் மேல வர்றான், காதுல போடாத" என்றார். நீயே கேட்டுவிட்டதால் இனி நான் வாக்கைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன அக்டோபரில் அப்பாவின் கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது என்று சொன்னார்கள். மருந்து மட்டும் போதாது, இடது கண்ணுக்குச் சீக்கிரமே அறுவைச் சிகிச்சை செய்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். தேதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கையால் சீட்டு எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் இணையத்தில்தான். நான் சாயங்காலம் வந்து போடுகிறேன் என்றேன். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், ஒரு தேதி வாங்கத் தெரியாதா, நீ வேலைக்குப் போ" என்றார். உனக்குத்தான் தெரியுமே, அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவருடைய கணினியில் உலாவியை நம் மொழிக்கு மாற்றிக் கொடுத்தது நான். ஆஸ்பத்திரியின் பக்கமும் நம் மொழியில்தான் இருந்தது. பெயர், வயது, எந்தக் கண், எல்லாம் நிதானமாக நிரப்பி, டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பக்கம் சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறது. வேலை முடிந்தது என்று நினைத்து மூடப் போயிருக்கிறார். அப்போது உலாவி ஒரு பெட்டியைத் திறந்து கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில். இரண்டு பொத்தான். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. நீலத்தை அழுத்தியிருக்கிறார். பெட்டி மறைந்தது. முடிந்தது என்று நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்தார்.

அந்தத் தேதியில் இருவரும் போனோம். அவர் காலையிலேயே குளித்து, வேலைக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். கவுண்டரில் இருந்த பெண் தேடினாள். திரும்பத் தேடினாள்.

"உங்க பேர்ல எதுவும் பதிவாகலையே."

"நான்தானேம்மா போட்டேன். எல்லாம் கேட்டுச்சு, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."

"கடைசில உறுதி ஆகறதுக்கு முன்னாடி வெளிய வந்துட்டீங்க போல."

"நான் வெளிய வரலை. அது ஏதோ கேட்டுச்சு, சரின்னேன்."

அடுத்த தேதி மார்ச் இரண்டாம் வாரம். நான் அங்கே கத்தினேன். கண்காணிப்பாளர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவசரம் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், யாரும் தேதியை மாற்றவில்லை. உன் முதல் கடிதம் வந்தபோது நாங்கள் காத்திருந்தோம். நீ "ஒரே வார்த்தையில் பதில் போடு" என்று கேட்டபோது அவர் சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். மார்ச்சில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு போயிடுச்சு. இந்தக் கண்ணுல இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. டிசம்பர்ல வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார். அப்பா, "சரிங்க சார்" என்றார். பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இடது பக்க ஜன்னல்.

அந்தப் பெட்டி என்ன கேட்டது என்று எனக்கு மனப்பாடம். "இந்தப் பக்கத்தை விட்டுப் போகவா? நீங்கள் நிரப்பியவை சேமிக்கப்படாமல் போகலாம்." நீலப் பொத்தான், "போ". வெள்ளைப் பொத்தான், "இரு". எனக்கு எப்படி மனப்பாடம் என்றால், அதை நம் மொழியில் எழுதியதே நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால். "விட்டுப் போகவா" என்பதா "விலகவா" என்பதா என்று காற்புள்ளியோடு ஒரு மாலை முழுக்க வாதாடி, அப்பா மாதிரி ஆட்களுக்கு உடனே புரிய வேண்டும் என்று சொல்லி நான் ஜெயித்தேன். மார்ச்சில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று திறந்து பார்த்தேன். வாக்கியம் அப்படியே இருந்தது. பக்கத்தில், காத்திருக்கிறது.

அடுத்த வாரம் செய்தித்தாளில் உன் பூமி உருண்டை வந்தது.

உன் கணக்கில் அப்பா எங்கே இருக்கிறார் என்று பார். அவர் மொழி பட்டியலில் இருக்கிறது. அவர் கணினியிலும் இருக்கிறது. உன் தொண்ணூற்றிரண்டு பேரில் அவர் ஒருவர். சொந்த மொழியில் உலாவி கிடைத்த பாக்கியசாலி. நீ என்னிடம் கேட்டாய், நான் இல்லை என்றேன், நீ "இருக்கிறது" என்று போட்டாய்.

ஒரு பிரவுசருக்காக ஒருத்தி இவ்வளவு கோபப்படுவாளா என்று கேட்டிருந்தாய். படுவாள்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

நான்கு தாள் கிழித்துப் போட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ இன்னும் கோபப்படுவாய். அதனால் எழுதவில்லை.

அவர் இடது ஓரத்து யானையைப் பார்க்கவில்லை. நான் அவரைக் கிண்டல் செய்தேன்.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் இப்போது சொல்லாதே. கொஞ்ச நாள் கொடு.

தம்பி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் வலது கண் எப்படி இருக்கிறது? அடுத்து எப்போது காட்ட வேண்டும்? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு அட்டவணையின் முன்னால் உட்கார முடியவில்லை. அதனால் வெளியே போய்ப் பார்த்தேன். சனி ஞாயிறுகளில் பொது நூலகத்தின் கணினி அறை, பேருந்து நிலையத்துக் காத்திருப்புக் கூடம், என் குடியிருப்பின் மாடிகள். பட்டியலில் இருக்கும் மொழிகளைப் பேசுகிறவர்களாகப் பார்த்து, "உங்க பிரவுசர் எந்த மொழியில இருக்குன்னு பார்க்கலாமா" என்று கேட்டேன். சிலர் திருடன் என்று நினைத்தார்கள். ஒருவர் ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நிறையப் பேர் காட்டினார்கள்.

என் மாடியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். "இதுக்கெல்லாம் மொழி மாத்தலாமா" என்று கேட்டார். மாற்றலாம் என்று பெருமையாக அவர் ஃபோனை வாங்கினேன். மாற்றுகிற இடத்துக்குப் போகும் வழி முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் தெரிந்தவர்களால்தான் ஆங்கிலத்திலிருந்து வெளியே வர முடியும், அக்கா. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். கிடங்குக் காவல்காரர் ஒருவர் எதையும் படிப்பதே இல்லை, "மேலேர்ந்து நாலாவது, அப்புறம் வலது பக்கம் இருக்கறது" என்று இடத்தை வைத்தே பழகியிருக்கிறார். போன மாதம் நிறுவனம் ஏதோ ஒன்றைப் புதிதாக நடுவில் நுழைத்ததும், அவர் மகள் அனுப்பிய படங்களைத் தன் கையாலேயே அழித்துவிட்டார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் கணக்கில் "இருக்கிறது" பக்கம் இருந்தவர்களில், உண்மையிலேயே தங்கள் மொழியில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் மூன்றில் ஒருவர்கூட இல்லை. அவர்களிலும் எச்சரிக்கைப் பெட்டி வரை தங்கள் மொழியிலேயே வருகிறவர்கள் அதில் பாதி. இது சின்ன ஆய்வுதான். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து செய்தது.

இயக்குநரிடம் கொண்டுபோனேன். முழுவதும் படித்தார். கெட்டவர் இல்லை, படித்தார்.

"நீங்க அளந்தது பயன்பாடு. நம்ம கேள்வி இருப்பு. ரெண்டும் வேற."

"இருப்புன்னா என்ன மேடம்? பட்டியல்ல பேர் இருக்கறதா?"

"நாம வெச்ச வரையறை அதுதான். நீங்கதான் வெச்சீங்க."

"அந்த எண்ணை வெச்சு ஒரு கம்பெனி மொழிபெயர்ப்பையே நிறுத்திடுச்சு."

"அது அவங்க முடிவு. நம்ம எண் தப்புன்னு இப்ப சொன்னா, இதுக்கு முன்னாடி சொன்ன எல்லா எண்ணையும் சந்தேகப்படுவாங்க. வேணும்னா இறுதி அறிக்கையில அடிக்குறிப்பா போடலாம்."

அந்த வாதத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஏப்ரலில் நான் உனக்கு எழுதியதுதான். மழை, நனைவது என்று.

அறிக்கை போன வாரம் வெளிவந்தது. அட்டையில் தொண்ணூற்றிரண்டு. நான் பார்த்ததெல்லாம் நூற்றுப் பத்தாவது பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செய்தித்தாளுக்கும் உலாவி நிறுவனத்துக்கும் என் பெயரில் எழுதினேன். செய்தித்தாள் போடவில்லை. நிறுவனம், என் கருத்து தங்களுக்கு முக்கியம் என்று தானாகவே ஒரு பதில் அனுப்பியது. என்னை வானிலைச் செயலிகளைக் கணக்கெடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடு, எனக்குத் தெரியும் என்று. விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

வலது கண்ணில் அழுத்தம் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் திரும்பக் காட்ட வேண்டும். தேதியை நான் வாங்கிவிட்டேன், அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

நீ நடந்து போய்ப் பார்த்ததற்கு உன்னை மெச்ச வேண்டும் என்று காற்புள்ளி சொல்கிறார். எனக்கு இன்னும் மனசு வரவில்லை. உன் பெயரை எடுத்துவிட்டாய். எண் அங்கேயேதான் இருக்கிறது. நேற்றுகூட வானொலியில் எவனோ அதைச் சொன்னான், யார் கணக்கு என்றுகூடச் சொல்லவில்லை. பெயர் இல்லாத எண்ணை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. இன்னும் வேகமாக ஓடும்.

காத்திருந்த வாக்கியங்களை எல்லாம் அவர்கள் வாசலை மூடுவதற்குள் நாங்கள் இறக்கி எடுத்துக்கொண்டோம். காற்புள்ளிக்குத் தெரிந்த ஒரு பொறியாளப் பெண், அதை உலாவியில் தனியாகச் சேர்த்துக்கொள்கிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறாள். அப்பாவின் கணினியில் போட்டாயிற்று. தெருவில் ஏழெட்டு வீட்டில் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போய் உட்கார்ந்து போட வேண்டியிருக்கிறது. நீ வந்தால் உனக்கும் தெரு பிரித்துக் கொடுப்பேன்.

அப்பாவிடம் உனக்குத் தெரியும் என்று சொன்னேன். ரொம்பக் கோபம். உன் மேல் இல்லை, என் மேல். "நான் சொல்லாதன்னேன், நீ சொல்லிட்ட. அவன் எனக்குத் தெரியும்னு சொல்லாதன்னான், நீ சொல்லல. என்னை வெச்சு ரெண்டு பேரும் என்ன நாடகம் போடறீங்க" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கு ஒரு தாள் கொடு, கோடு போட்ட தாள்" என்றார். உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறார் என்று என்னிடம் காட்டவில்லை.

அக்கா


செப்டம்பர் 4

சின்னவனுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் பொறுத்துக்கொள். இதையே பெரியவளுக்கும் ஒரு நகல் எழுதி மேசை மேல் வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாள். வாயால் சொன்னால் அவள் அழுவாள், நான் கத்துவேன். அதற்கு இது மேல்.

நீ பெயரை எடுத்ததையும், உன்னை வேறு பிரிவுக்கு மாற்றியதையும் அவள் சொன்னாள். அதெல்லாம் உன் விஷயம். எனக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. விடுப்பில் வருவதானால் வா. சதுரங்கம் ஆடலாம். இப்போதெல்லாம் தலையைத் திருப்பி இடது ஓரத்தையும் பார்த்துவிட்டுத்தான் காயை நகர்த்துகிறேன். விட்டுக்கொடுத்து ஆடினால் பலகையைக் கவிழ்த்துவிடுவேன்.

கண் போனதற்கு எனக்குக் கோபம் இல்லை என்று நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள். இருக்கிறது. ஆஸ்பத்திரி மேல் இருக்கிறது, அந்தக் கம்பெனி மேல் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. ஆனால் உங்கள் இருவர் மேலும் இருப்பது வேறு கோபம்.

டிசம்பரிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. காற்புள்ளி வருகிறார், பேசுகிறார். பெரியவள் இரவெல்லாம் கணினியைத் தட்டுகிறாள். நீ அங்கே ஊரெல்லாம் சுற்றி யார் யார் திரையையோ பார்த்திருக்கிறாய். எல்லோருக்கும் அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியும். அவள் அதை மொழிபெயர்த்தே இருக்கிறாளாம். பெரியவளிடம் ஒரு முறை கேட்டேன். "இப்ப எதுக்குப்பா அது, விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனசு கஷ்டப்படும் என்று நினைத்திருப்பாள். காற்புள்ளியிடம் கேட்டேன், அவர் பெரியவளைப் பார்த்தார்.

நீலப் பொத்தானை அழுத்தியது என் விரல். அது என்னிடம் ஏதோ கேட்டது, நான் சரி என்றேன். அது என்ன கேட்டது, நான் எதற்குச் சரி சொன்னேன் என்று இன்று வரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

நீயாவது எழுது. நம் மொழியில், பெரிய எழுத்தில்.

அப்பா